கடைசி விரற்கடை

இயந்திரங்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. மனிதர்களைப் பற்றியும் அப்படியே என்பதால் இதில் பாரபட்சம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த இயந்திரத்துக்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் போட்டு, நடுவில் சமோசா சாப்பிட்டிருப்பார்கள். இரண்டு கை, நான்கு சக்கரம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகை, பலகையில் ஒரு புன்னகை. எடை ஒரு எருமைக் கன்றின் எடை. காலையில் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் வைக்க வேண்டும், இரவு நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்த வேண்டும், நடுவில் காபி கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் இத்தனை விஞ்ஞானம்.

என் பெயர் அருணகிரி. பாலம் கட்டிய எஞ்சினியர். நான் கட்டிய பாலங்களின் மேல் இன்றும் லாரி போகிறது. ஓய்வு பெற்ற பிறகு வந்த பக்கவாதம் ஒரு காலைச் செயலிழக்க வைத்து, வலது கைக்கு ஓயாத நடுக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். சரவணம்பட்டியில் 'எமரால்டு என்கிளேவ்' என்று ஒரு அடுக்குமாடியில் மகள் நிறைமதியோடு இருக்கிறேன். அங்கே மரகதமும் இல்லை, மரமும் இல்லை. பேரைக் கேட்டால் மட்டும் நெஞ்சு நிறைந்துவிடும்.

மதிதான் 'கோடு போடு' என்ற விளையாட்டை உருவாக்கியவள். உங்களில் பாதிப் பேர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே விளையாடியிருப்பீர்கள். திரையில் ஒரு பந்து, ஒரு குடம். நடுவில் பள்ளமோ சுவரோ இருக்கும். விரலால் ஒரு கோடு வரைந்தால் அடுத்த நொடியே அந்தக் கோட்டுக்கு எடை வந்துவிடும். விழும், சாயும், உருளும். அதைக் கொண்டு பந்தைக் குடத்துக்குள் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பொழுதுபோகாமல் செய்தது. பொழுதுபோகாமல் செய்தது ஊரெல்லாம் பரவிவிட்டது. பிறகு ஒரு பெரிய கம்பெனி வந்து விளையாட்டையும் வாங்கி, அதோடு மதியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அன்பைச் செய்கிற கம்பெனியும் அதுதான்.

அந்த விளையாட்டில் நான் முதலிடம். தமிழ்நாட்டில் இல்லை, உலகத்தில். ஒரே கோட்டில் முடிப்பவர்கள் என்று தனிப் பட்டியல் உண்டு. அதன் உச்சியில் என் பெயர் இருந்தது. என் கோட்டைப் பார்த்தால் மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். ஆனாலும் பந்து போய்க் குடத்தில் விழும்.

"கோடு நேரா இருக்கோணும்னு அவசியமில்லை நாச்சிமுத்து. கோட்டுக்குப் பின்னால இருக்கற மூளை நேரா இருந்தாப் போதும்" என்பேன்.

நாச்சிமுத்து எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. வருவாய்த் துறையில் கையெழுத்துப் போட்டே காலத்தை ஓட்டியவர். தினம் சாயங்காலம் கிளப் ஹவுஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் விளையாடுவார். அவருடைய கோடு அடிஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்கும். பந்து பள்ளத்தில் விழும். இந்த ஆளிடம் கோடு போடச் சொன்னால் கோடு மட்டும்தான் போடுவார் என்று நான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கோபம் வராது. சில சமயம் என் திரையைப் பார்த்தபடி எதையோ சொல்ல வாயைத் திறப்பார். பிறகு மூடிக்கொள்வார். எதிர்த்துப் பேசத் தெம்பில்லாத ஜன்மம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆவணி பிறந்த சமயம் அவருடைய மனைவி கலாமணி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்தது. நாச்சிமுத்துவால் ஒரு அரிசிச் சிப்பத்தைத் தூக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் இருப்பதைப் பார்த்து அவரும் ஒரு அன்புக்குச் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமைதான் கம்பெனி முதல் தடவையாக ஊருக்குள் பல வீடுகளுக்கு அன்பை அனுப்பப்போகிறது. எங்கள் வீட்டில் இருந்தது சோதனைக்கு வந்தது.

சோதனை எனக்குத்தான்.

முதலில் காபி டம்ளர். அன்பு அதை மேஜையின் விளிம்பில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்துவிட்டுக் கையை எடுத்தது. டம்ளர் கீழே போனது. ஆனால் அன்பு கீழே பார்க்கவில்லை. டம்ளரை வைத்த இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் புன்னகைத்துவிட்டு உள்ளே போனது. மறுநாள் மாத்திரை டப்பா அதே கதியை அடைந்தது. அதற்கு மறுநாள் அந்தக் கதி எனக்கு வந்தது. என்னை நாற்காலியின் விளிம்பில் உட்காரவைத்துக் கையை விட்டது. நான் சரிந்து தரையில் உட்கார்ந்தேன். அன்பு இரண்டு கையையும் விரித்தபடி, யாரோ வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதுபோல், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மதி பதறிப்போய்க் கம்பெனிக்குச் சொன்னாள். விஷ்வக் என்று ஒருவன் வந்தான். மதிக்கு மேலதிகாரி. பல்லைத் தவிர வேறு தகுதி எதுவும் வெளியே தெரியவில்லை.

"அங்கிள், கரெக்ஷன் அனுப்பிட்டோம். இது ஆயிரத்துல ஒரு தடவை வர்ற விஷயம்."

"எனக்கு மூணு நாள்ல மூணு தடவை வந்துதே தம்பி?"

"நீங்க ரொம்ப ரேர் கேஸ் அங்கிள்" என்று சிரித்தான். பாராட்டுகிறானாம். இவனைப் பெற்றவர்கள் எந்தப் படிப்புக்குப் பணம் கட்டினார்களோ, அந்தக் காலேஜை இழுத்து மூடலாம்.

அவன் போனதும் நானே உட்கார்ந்து சோதித்தேன். பாலத்தைத் திறப்பதற்கு முன் பாரம் ஏற்றிப் பார்ப்போமே, அந்த மாதிரி. "இந்தச் செம்பை மேஜைல வை. இந்த எலுமிச்சம்பழத்தைத் தட்டுல வை. இந்தப் புத்தகத்தை அலமாரில வை." மதியம் வரை அதை ஓட ஓட விரட்டினேன். அது எல்லாவற்றையும் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது. கடைசியில் ஒரு விரற்கடை, ஒரு விரல் அகலம், முன்னாலேயே விட்டது. ஒவ்வொரு தடவையும் அதே விரற்கடை. ஒவ்வொரு தடவையும் குனிந்து காத்திருந்தது.

இதில்தான் எனக்குப் பொறி தட்டியது. நடுங்குகிற கை கண்டபடி தவறும், அதை என்னைவிட அறிந்தவன் யார்? இது கண்டபடி தவறவில்லை. அளந்து தவறுகிறது. மிச்சத்தை உலகம் தள்ளிவிடும் என்று எந்த மடையனோ இதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

சாயங்காலம் மதி வந்ததும் கேட்டேன். "ஏங் கண்ணு, இந்த எருமை யார்கிட்டப் படிச்சுது?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "படிச்சுதுன்னா?"

"தூக்கறது, வைக்கறது எல்லாம் யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல?"

"கோடு போடு விளையாடினவங்க கிட்டங்கப்பா. எதை எங்க வெச்சா நிக்கும், எது எப்பச் சாயும்னு மனுசனுக்குக் கையில ஒரு தீர்மானம் இருக்குதில்லீங்களா, அது விளையாட்டுல அப்பிடியே பதிவாகியிருக்கும். அதை வெச்சு அன்புக்குப் பழக்கினாங்க. கம்பெனி எங்களை வாங்குனதே அதுக்குத்தான்."

"எல்லாரோட ஆட்டத்தையுமா?"

"இல்ல. ஒரே கோட்ல முடிக்கறவங்க ஆட்டத்தை மட்டும்."

"அப்ப என் ஆட்டமும் இருக்குது."

"பாதிக்கு மேல உங்க ஆட்டந்தான்ப்பா. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நீங்கதான ஆடறீங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரெல்லாம் போகப்போகிற இயந்திரங்களுக்குள் என் கை இருக்கிறது. நடுங்குகிற கைதான், ஆனால் எத்தனை வீடுகளில் தூக்கப்போகிறது! நாளைக்கே இதை நாச்சிமுத்துவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் வாக்கியம் அமைத்துவிட்டேன்.

"என்கிட்டப் படிச்சிருந்தா எப்பிடித் தவறும்? நான் குடத்தைத் தவறவிட்டதே இல்லையே?"

மதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழ ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாமல் அழுகிற பெண் அவள்.

"ஆஸ்பத்திரில மொத வாரம் ஞாபகம் இருக்குதுங்களாப்பா? ஸ்பூன் பிடிக்க வரலேன்னு தட்டைத் தூக்கி வீசுனீங்க. யார்கிட்டயும் பேசல. நான் இந்த விளையாட்டைச் செஞ்சு உங்க கையில குடுத்தேன். ஒரு கோடு போட்டீங்க. பந்து குடத்துக்குப் பக்கத்துல ஒரு விரற்கடைல நின்னுபோச்சு. நீங்க செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டீங்க."

"அதுக்கு?"

"அடுத்த தடவை நான் பந்தை இழுத்துவிட்டேன். குடத்துக்குப் பக்கத்துல வந்தா மிச்சத்தை அதுவா உருண்டு போற மாதிரி. உங்க பேர்ல இருக்கற கணக்குக்கு மட்டும். அன்னைக்குத்தான் நீங்க சிரிச்சீங்க. எடுத்தறலாம், எடுத்தறலாம்னு இருந்தேன்... எடுக்க முடியலைங்கப்பா."

"எல்லா ஆட்டமுமா?"

"கேக்காதீங்க."

"எல்லா ஆட்டமுமா மதி?"

"பக்கத்துல வந்த எல்லா ஆட்டமும்."

அறையில் அன்பு புன்னகைத்துக்கொண்டு நின்றது. சொல்லிக்கொடுத்த மடையன் யார் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் கையைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு விரற்கடை முன்னாலேயே விட்டுவிட்டு ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிற என் கையை. பந்து வளைந்து போவதைத் தினமும் பார்த்தேன். பாலம் கட்டியவன் நான், எடை எப்படி விழும் என்பது என் சோறு. இருந்தும் பந்து என் பேச்சைக் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். அனுபவமாம்! கர்வம் பிடித்தவனுக்குக் கண் எதற்கு?

"விஷ்வக்குக்குத் தெரியுமா?"

"இன்னைக்குக் காலைல சொன்னேன். ஒரு விரற்கடைதான, வெள்ளிக்கெழமை வெளிய போகட்டும், அப்புறமா மெதுவாச் சரி பண்ணிக்கலாம்னு சொல்றான். வெளிய சொன்னா என் மேலதான் பழி வருமாம். நான்தான விளையாட்டுல பொய் வெச்சவ." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேலை போனாப் போகட்டும்ப்பா. நாளைக்குச் சொல்லத்தான் போறேன். ஆனா சொன்னா உங்க பேரும் வெளிய வரும். அதனால உங்களைக் கேக்காமச் சொல்ல மனசு வரல."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நியாயமான கோபமல்ல. ஏமாற்றினாளே என்பதற்காகக்கூட அல்ல. அந்த இழுப்பை எடுத்தால் நான் தோற்பேன் என்று அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறதே, அதற்கு.

ஆனால் ஒரு விரற்கடை என்றால் என்ன என்று விஷ்வக்குக்குத் தெரியாது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை தவறினால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக எலும்பு பொருத்திய இடுப்பு. கட்டில் விளிம்பு. அன்பு கையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

"அந்த இழுப்பை இப்பவே எடுத்துரு. ஊருக்கு நீ சொல்லு. நாச்சிமுத்துகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கிளப் ஹவுஸில் நாச்சிமுத்து வழக்கமான இடத்தில் இருந்தார். சுற்றி வழக்கமான கூட்டம்.

"நாச்சிமுத்து, அந்த மெஷின் உங்களுக்கு வேண்டாம். அது சரியில்லை. என்னையே கீழ போட்டுருச்சு" என்றேன். அவ்வளவோடு முடித்துக்கொள்ளலாம் என்று நப்பாசை.

"இல்லீங்க சார். விஷ்வக் தம்பிகிட்டப் போன்ல கேட்டனுங்க. உங்க வீட்டுல இருக்கறது பழசாம். எங்களுக்கு வர்றது புதுசுங்களாமா."

"அந்தப் பய சொல்றதை நம்பறீங்களா?"

"நீங்க யாரைத்தான் சார் நல்லாச் சொல்லியிருக்கறீங்க?" என்றார் சாதாரணமாக.

வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் மட்டம் தட்டியவன் ஒரு நாள் உண்மையாகவே எச்சரித்தால் யார் காதில் ஏறும்? புலி வருது கதைதான். வாயால் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் போனை எடுத்து மடியில் வைத்து, 'கோடு போடு'வைத் திறந்தேன். முதல் கட்டம். எல்.கே.ஜி. பிள்ளைகள் தாண்டிப் போகிற கட்டம்.

"இங்க பாருங்க. எல்லாரும் பாருங்க" என்றேன்.

கோடு போட்டேன். கை நடுங்கியது. கோடு கோணிக்கொண்டு விழுந்தது, பந்து அதன்மேல் ஏறித் தயங்கிக் குடத்துக்கு முன்னால் நின்றது. நான் என்னையறியாமல் காத்திருந்தேன். குனிந்து, அன்பு நிற்குமே, அதே மாதிரி. பந்து அசையவில்லை. மறுபடி போட்டேன். பள்ளத்தில் விழுந்தது. மறுபடி. சுவரில் முட்டியது. யாரோ இருமினார்கள். வியர்த்து விரல் வழுக்கியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாதானம் செய்துவிடுவார்கள்.

"போதுங்க சார்" என்றார் நாச்சிமுத்து.

"போதாது. இதுதான் என் நெச ஆட்டம். இத்தனை நாளா ஜெயிச்சது நான் இல்லை. பந்து பக்கத்துல வந்தாப் போதும், மதி உள்ளே இழுத்துவிடற மாதிரி வெச்சிருந்தா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கட்டும் என்று தயாராக இருந்தேன். சிரித்தால் நம்பிவிட்டார் என்று அர்த்தம். ஆனால் அவர் முகம் மாறவே இல்லை.

"அந்தப் பொய் ஆட்டத்தைப் பார்த்துத்தான் இந்த மெஷினெல்லாம் தூக்கப் பழகியிருக்குது. புதுசு, பழசு எல்லாத்துக்கும் ஒரே வாத்தியார், நான்தான். ஒரு விரற்கடை முன்னாலயே விட்டுரும். உங்க வீட்டம்மாவையும் அப்பிடித்தான் விடும்."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. எழுந்து நின்றார். பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே கம்பெனிக்குப் பேசினார். "வேண்டாங்க. வெள்ளிக்கெழமை வர வேண்டாம். வந்தாலும் கேட்டுக்குள்ள விட மாட்டோம்." அந்த ஆளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூட்டத்திலிருந்த இரண்டு பேர், கலாமணி அக்காவை நாங்கள் தூக்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது.

"நாச்சிமுத்து, மதி இழுத்துவிட்டான்னு சொன்னப்ப உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையே?"

அவர் வழக்கம்போல் வாயைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை.

"உங்க பந்து மட்டும் கடைசில வளையும்ங்க சார். எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும். கலாமணிதான் மொதல்ல பார்த்தா."

"எங்களுக்குன்னா?"

"இங்க இருக்கற எல்லாத்துக்குந்தானுங்க."

"அப்ப ஏன்யா சொல்லலை? நான் உங்களை என்னவெல்லாம் பேசியிருக்கறேன்!"

"சொல்லோணும்னு வாய் வரைக்கும் வருமுங்க. பாவம், ஜெயிச்சுட்டுப் போகட்டும், உடுங்கன்னு கலாமணி சொல்லிருச்சு" என்றார். பிறகு என் நாற்காலியை லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. இதை எங்கே திருப்பிக் கொடுப்பது?

மதி சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை அன்புகள் எங்கும் போகவில்லை. அவளுக்கு வேலை போயிற்று, வழக்கு வரும் என்கிறார்கள். விஷ்வக் பதவி உயர்ந்து பெங்களூர் போனான். என் பெயர் பட்டியலில் இல்லை. பத்திரிகையில் வந்தது, போட்டோவோடு.

எங்கள் வீட்டு அன்பைத் திரும்ப எடுத்துப்போக வண்டி வருவதாகச் சொன்ன காலையில், அது கடைசியாக ஒருமுறை காபி கொண்டுவந்தது. மேஜை விளிம்பில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்துவிட்டுக் கையை எடுத்தது. டம்ளர் சாய்ந்தது. அன்பு குனிந்து காத்திருந்தது.

நான் கையை நீட்டி, அந்த ஒரு விரற்கடையை உள்ளே தள்ளினேன். நடுக்கத்தில் பாதிக் காபி என் வேட்டியில் கொட்டியது. டம்ளர் நின்றது.

அன்பு புன்னகைத்தது. தானே சரியாக வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போனது, மடையன்.